தலையாட்டி வாங்கிய துவக்கு

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தக் கிழமை என் கையெழுத்து வழமையைவிட மோசம். இடது கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். தாளைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அது தன்பாட்டில் நகர்கிறது. எழுத்துப் பிழைகளுக்கும் சேர்த்தே மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எந்த இடத்தில் சின்ன 'ர', எந்த இடத்தில் பெரிய 'ற' என்பது இன்றைக்கும் தெரியாது. இந்தப் பத்திரிகையில் என் பக்கத்தைத் தட்டச்சு செய்யும் தங்கைதான் ஒவ்வொரு கிழமையும் என் மானத்தைக் காப்பாற்றுகிறார்.

கன்னத்தை ஏன் பொத்தியிருக்கிறேன்? சொல்கிறேன்.

போன கிழமை பல் மருத்துவரிடம் போனேன். கடைவாய்ப் பல் ஒன்று கெட்டுவிட்டது. அதைப் பிடுங்கினார். பிறகு பக்கத்துப் பல்லைத் தட்டிப் பார்த்து, "இதையும் எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு. நான் என்ன செய்தேன்? வழமைபோல் தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டினேன்.

எடுத்துவிட்டார்!

உங்களுக்கு அந்தத் தலையாட்டு தெரியும். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். தோளுக்கும் தோளுக்கும் நடுவே தலையை ஒரு தாலாட்டு. நமக்குள் அதற்கு எத்தனை அர்த்தம்? சரி. பார்ப்போம். விளங்கியது. விளங்கவில்லை. ஏசாதீர்கள். வேண்டாம், ஆனால் உங்கள் மனம் நோகக் கூடாது... எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்டுத்தான். பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். ஆனால் டென்மார்க்காரரிடம் இரண்டே பெட்டிகள்தான் இருக்கின்றன. ஒன்று 'யா'. மற்றது 'நை'. நம்முடைய தலையாட்டு எந்தப் பெட்டிக்குள் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தலையாட்டி நான் ஒரு பல்லை இழந்தேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதே தலையாட்டில் ஒருமுறை நான் ஒரு துவக்கு வாங்கியிருக்கிறேன்.

நிஜத் துவக்கு. இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி.

அப்போது நான் இங்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. சுகந்தியைக் கல்யாணம் செய்து, முறைப்படி விசா எடுத்து, முறைப்படி விமானத்தில் வந்து இறங்கியவன். சுகந்தி சின்ன வயதிலேயே இங்கு வந்தவள். முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு ஸ்கீவ நகரத்துக்கு வெளியே ஒரு பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. போர்மன் பெயர் பென்ட். கதவை அடைக்கிற உடம்பு, குழந்தைப் பிள்ளையின் சிரிப்பு. எங்கள் வரிசையில் இன்னொரு தமிழர் ஞானம் அண்ணை. அங்கே வேலை செய்தே தலை நரைத்தவர். ஊர்ச் சங்கத்தில் அவர் இல்லாமல் ஒரு கதிரையும் நகராது.

ஒரு நாள் தேநீர் நேரத்தில் பென்ட் என்னிடம் வந்து, "உனக்கு வேட்டையில் விருப்பமா?" என்று கேட்டார்.

எனக்கு விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. கேள்வியே பாதிதான் விளங்கியது. தலையை ஆட்டினேன்.

பென்ட் குழம்பிப்போய் ஞானம் அண்ணையைப் பார்த்தார். "இவன் என்ன சொல்கிறான்?"

அண்ணை பாணைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "ஓம் எண்டுறான்."

முடிந்தது. அன்றிலிருந்து அந்தத் தொழிற்சாலையில் என் தலையாட்டுக்கு 'யா' என்று பெயர் வைத்தாயிற்று.

அடுத்த கிழமை பென்ட் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு மண்டபத்துக்குப் போனார். குளிர்காலம் முழுக்க அங்கே வேட்டை வகுப்பு. இந்த நாட்டில் ஒரு வாத்தைச் சுடுவதற்கும் சோதனை எழுத வேண்டும், தெரியுமா? எந்த வாத்தைச் சுடலாம், எந்த வாத்தைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், எந்த மாதம் எந்த மான், எவ்வளவு தூரம்... சுகந்தி வேலை முடிந்து வந்து புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொல்லுவாள். நான் படங்களைப் பார்த்துப் பாடமாக்குவேன்.

"இஞ்சருங்கோ," என்றாள் ஒரு நாள், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு. "உங்களுக்கு உண்மையா வேட்டைக்குப் போக விருப்பமோ?"

"இல்லை."

"அப்ப பென்டிட்டை 'நை' எண்டு சொல்லுங்கோவன். ஒரே ஒரு எழுத்துத்தானே."

"இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போறார். இனி எப்பிடிச் சொல்லிறது?"

"நல்லவேளை, அவர் உங்களைப் பராசூட்டிலை குதிக்கிறியோ எண்டு கேக்கேல்லை."

சோதனையில் பாஸ். ஐந்தாம் வகுப்புச் சோதனையை நான் எழுதவில்லை. அந்தக் கிழமை பள்ளிக்கூடம் அகதி முகாம் ஆகிவிட்டது. ஆகவே என் வாழ்க்கையில் நான் பாஸ் பண்ணிய முதல் சோதனை வாத்துச் சோதனைதான். அதற்கு முன் பொலிஸ் என் பேரை அலசிப் பார்த்து, இவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, வேட்டை அட்டை கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தது. அதையும் நினைத்துப் பாருங்கள்! ஊரில் எத்தனை சாவடியில் எத்தனை பேர் என்னை மறித்திருப்பார்கள்? ஒருவராவது 'உன்மேல் குற்றம் இல்லை' என்று சொல்லியிருப்பாரா?

இந்த இடத்தில் நீங்கள் காலத்தைக் கவனிக்க வேண்டும். நான் வாத்துகளைப் பாடமாக்கிய அந்தக் குளிர்காலம்தான் வன்னியில் கடைசிச் சண்டை. என் அம்மா உள்ளே இருந்தா. தை மாதம் யாரோ ஒருவரின் போனில் கடைசியாகக் கதைத்தா. "தம்பி, நாளைக்கு இடம் மாறுறம். இனிப் போன் கிடைக்காது. கிடைச்சால் நானே எடுப்பன்" என்றா. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

தை போய், மாசி போய், பங்குனியும் போயிற்று. போன் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. குளிக்கும்போது பிளாஸ்டிக் பைக்குள். தொழிற்சாலை இரைச்சலில் மணி கேட்காமல் போய்விடுமென்று சுகந்தி அதில் கெட்டிமேளத்தை ஏற்றிவைத்தாள். தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக வெடிக்கும். ஒருமுறை மின்சாரக் கம்பெனிக்காரன் எடுத்தபோது பன்றி வெட்டுகிறவர்கள் அத்தனை பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அம்மா விஷயத்தை நான் பென்டிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? 'எப்படி இருக்கிறாய்?' என்று தினமும் கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். 'நல்லது' என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்.

சித்திரை மாதம் என்னைத் துவக்குக் கடைக்குக் கூட்டிப் போனார்.

சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. அதுவரை நான் துவக்கை முன்பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறேன். அது எப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், நான் கையை உயர்த்திக்கொண்டிருப்பேன். துவக்குக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையும், அது வழுவழுப்பான மரத்தால் ஆனது என்பதையும் அந்தக் கடையில்தான் கண்டேன்.

கடைக்காரர் ஒரு கிழவர். கூரையில் பஞ்சடைத்த வாத்துகள் தொங்கின. ஒரு துவக்கை எடுத்து என் கையில் வைத்து, "அந்த வாத்தைப் பார்த்துத் தோளில் தூக்கு" என்றார். தூக்கினேன். கை நடுங்கிற்று. கிழவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "பிடி நீளம் கூடிப்போயிற்று. உனக்குக் குட்டையானது வேண்டும்" என்றார். வேறு ஒன்று தந்தார். அப்போதும் நடுங்கினேன். இன்னும் குட்டையாக ஒன்று. என் பயத்தை அந்த மனிதர் கடைசிவரை அளவுப் பிரச்சினை என்றே நினைத்தார்!

"இது பிடித்திருக்கிறதா?"

ஆட்டினேன்.

கிழவர் பென்டைப் பார்த்தார். பென்ட் பெருமையோடு மொழிபெயர்த்தார்: "யா என்கிறான்."

அவ்வளவுதான். உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கினார்கள். கோப்பி வந்தது. கேக் வந்தது. முதல் துவக்கு வாங்குகிறவனுக்கு அன்பளிப்பாக ஒரு பச்சைத் தொப்பியும் வந்தது. ஊரில் டோர்ச் பற்றரி இரண்டை வன்னிக்குள் கொண்டுபோனதற்காக ஓமந்தைச் சாவடியில் என்னை அரை நாள் வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். இங்கே துவக்கைத் தந்துவிட்டு, கேக் இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்கிறார்கள். எந்த நாட்டில் பிழை என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

பென்டுக்கு அவசர வேலை. நான் தொப்பியோடும் துவக்கோடும் தனியாக நடந்தேன். சந்தியில் ஒரு பொலிஸ்காரர்.

என் கால்கள் தாமாகவே நின்றன. உறையை நிலத்தில் வைத்தேன். கையை உயர்த்தினேன். பிறகு, கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது என்று, விசா அட்டை, வேட்டை அட்டை, மஞ்சள் நிற மருத்துவ அட்டை, பஸ் அட்டை எல்லாவற்றையும் எடுத்து நீட்டினேன். சுகந்தியின் சூப்பர் மார்க்கெட் கூப்பனும் அதற்குள் கிடந்தது.

பொலிஸ்காரர் என் உறையைப் பார்த்தார். கூப்பனைப் பார்த்தார்.

"இரட்டைக்குழலா?"

ஆட்டினேன்.

"என் அப்பாவிடமும் ஒன்று இருந்தது. அருமையான சாமான்." அட்டைகளை ஒழுங்காக அடுக்கித் திருப்பித் தந்தார். "மே பதினாறு காலையில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து உட்கார். வாழ்த்துகள்!"

மே பதினாறுதான் இந்த நாட்டில் கலைமான் வேட்டை தொடங்கும் நாள். வேட்டைக்காரருக்கு அது தைப்பொங்கல் மாதிரி. பொழுது விடிகிற நேரத்தில் பானைக்குப் பதிலாக மானைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

துவக்கை வைக்கச் சட்டப்படி ஓர் இரும்பு அலுமாரி வேண்டும். அதைச் சுவரோடு ஆணி வைத்து இறுக்கினோம். சுகந்தி தட்டிப் பார்த்தாள். "நல்ல பலமாய் இருக்கு. என்ரை நகையையும் உள்ளை வைப்பமோ?"

"ஏலாது. திறப்பு என்னட்டை மட்டும்தான் இருக்கோணும். சட்டம்."

"அப்ப நான் கல்யாண வீட்டுக்குப் போறதெண்டால் உங்களிட்டைத் துவக்கு லைசன்ஸ் கேக்கோணுமோ?"

அன்று மாலையே ஞானம் அண்ணை வந்துவிட்டார். பச்சைத் தொப்பியோடு நான் நடந்துபோனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் ஒருவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி. கிழமைக்குக் கிழமை கொப்பன்ஹேகனுக்கு பஸ் பிடித்துப் போய்ப் பதாகையோடு நின்றோம். அந்த நேரத்தில் ஒருவன் துவக்கு வாங்கினால்?

அண்ணை திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுக் கதிரையில் இருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, உள்ளதைச் சொல்லு. உந்த ஒண்டை வைச்சுக்கொண்டு என்ன செய்யப் போறாய்?"

"மான் சுட, அண்ணை."

"மானோ."

"ஓம்."

"மான் எண்டு நீ ஆரைச் சொல்லிறாய்?"

"மானைத்தான் அண்ணை. கொம்பு இருக்கும். புல்லுத் தின்னும்."

அவர் நம்பவில்லை. "எனக்கு விளங்குது. கொம்மா அங்கை. உன்ரை கொதி எனக்கு விளங்குது. ஆனால் உனக்கு விசா வந்து எவ்வளவு காலம்? பொலிஸ் அறிஞ்சால் எங்கள் எல்லாரையும் சேர்த்தெல்லோ அனுப்பிப்போடுவான்?"

"பொலிசுக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம் எண்டு பார்க்கச் சொன்னவர்."

அண்ணையின் முகத்தில் ரத்தம் இல்லை. சுகந்தி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். அதைவிட வேகமாக ஒரு போடும் போட்டாள்.

"அண்ணை, இவருக்கு வேட்டை விருப்பமெண்டு பென்டிட்டைச் சொன்னது ஆர்?"

"ஆர்?"

"நீங்கள்தான். பாணைக் கடிச்சுக்கொண்டு."

அண்ணை தேத்தண்ணியைக் குடித்தார். சீனி போடவில்லை என்று சொல்லவே இல்லை.

மே பதினாறு வந்தது. அந்தக் கிழமை செய்திகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். அம்மாவிடமிருந்து ஒன்றும் இல்லை. இருக்கிறாவா, இல்லையா? அந்தக் கேள்வியை நானும் சுகந்தியும் ஒருவரிடம் ஒருவர் கேட்பதை நிறுத்தியிருந்தோம்.

"நான் போகேல்லை" என்றேன்.

"போங்கோ" என்றாள். "வீட்டிலை இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறதை அங்கை இருந்து பாருங்கோ. அடிக்கிறதெண்டால் எங்கையும் அடிக்கும்."

பென்டின் தம்பியின் பண்ணையோடு ஒட்டிய காடு. பென்ட், தம்பி, அவர்களுடைய சிநேகிதர்கள் என்று ஒரு கூட்டம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மூலை. என்னை மரத்தில் சாய்த்திருந்த ஓர் ஏணியில் ஏற்றி, மேலே இருந்த பலகையில் இருத்தினார் பென்ட். காதோடு சொன்னார்: "அசையாதே. இருமாதே. போனை நிறுத்திவிடு."

ஆட்டினேன்.

போனை நிறுத்தவில்லை. அந்த ஆட்டு 'நை' என்று பென்டுக்கு எப்படித் தெரியும்?

விடிந்தது. புல்லின் மேல் பனிப்புகார். ஒரு சத்தமும் இல்லை. அப்போது அது வந்தது... பற்றைக்குள்ளிருந்து முதலில் ஒரு கொம்பு, பிறகு முகம். நிற்கிறது. மூக்கைத் தூக்கி மணக்கிறது. காற்று என் பக்கம்தான். பொலிஸ்காரர் சொன்னபடியே இருந்தேன். துவக்கைத் தூக்கினேன். என்ன அதிசயம், கை நடுங்கவில்லை! விசைப் பூட்டையும் தள்ளிவிட்டேன்.

பீ... பீப்பீ... டும் டும் டும் டும்!

கெட்டிமேளம்.

டென்மார்க்கின் ஜட்லாந்துக் காட்டில், பெருநாள் விடியலில், கலைமானுக்கு முன்னால், முழுச் சத்தத்தில் கெட்டிமேளம். மான் ஓடவில்லை. சத்தியமாக ஓடவில்லை. தலையைச் சரித்து என்னையே பார்த்தது. யாருக்கு யார் தாலி கட்டுகிறார்கள் என்று அதற்கும் தெரிய வேண்டியிருந்தது போல.

ஒரு கையில் துவக்கு, மறு கையில் போன். பூட்டைத் திரும்பப் போட்டேன். காதில் வைத்தேன்.

"தம்பி?"

அம்மா!

"தம்பி, நான் அம்மா. அகதிக் காம்புக்கு வந்திட்டன். கேக்குதோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"தம்பி? கேக்குதோ அப்பு?"

இன்னும் வேகமாக ஆட்டினேன். கண்ணீர் இரண்டு பக்கமும் தெறித்தது. வாய் திறக்கவில்லை. வாய் என் சொல் கேட்டு எத்தனை மாதம்!

"கதையன்ரா... இவன் கதைக்கிறானில்லைப் பிள்ளை, லைன் விழேல்லைப் போல கிடக்கு." அங்கே யாரோ ஒரு பிள்ளையிடம் சொல்கிறா. "பின்னாலை ஆக்கள் நிக்கினம். வைக்கட்டோ?"

வைத்துவிடப் போகிறா!

"அம்மா!" என்று கத்தினேன். "ஓம் அம்மா! நான்தான்! ஓம்! ஓம்! ஓம்!"

டென்மார்க்குக்கு வந்த பிறகு நான் சத்தமாகச் சொன்ன முதல் சொல் அதுதான். காகங்கள் எழும்பின. மான் போயிற்று. அந்தக் காட்டில் இருந்த அத்தனை மான்களும் போயின. தூரத்தில் பென்ட் என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி வருவது கேட்டது. நான் என்னையே சுட்டுக்கொண்டேன் என்று நினைத்திருக்கிறார்.

"ஏன் கத்துறாய்? எங்கை நிக்கிறாய்?" என்றா அம்மா.

"காட்டுக்குள்ளை அம்மா."

"காட்டுக்குள்ளையோ? ஏன், அங்கையும் சண்டையோ?"

"இல்லை. மான் சுட வந்தனான்."

"என்னத்தாலை?"

"துவக்காலை."

பின்னால் நின்றவர்களை அம்மா பொறுக்கச் சொல்வது கேட்டது.

"ஆர் தந்தது?"

"வாங்கினனான்."

"காசு குடுத்தோ?"

"ஓம் அம்மா."

"அட விசரா! இஞ்சை இவ்வளவு சனம் துவக்குக்குப் பயந்து ஓடி வந்து நிக்குது. நீ காசு குடுத்து வாங்கினனியோ? முதல் அதைக் கீழை வை!"

ஏணியிலிருந்து இறங்கினேன். துவக்கைத் திறந்து தோட்டாவை எடுத்தேன். புல்லில் வைத்தேன்.

"வைச்சிட்டன் அம்மா."

"ம். சாப்பிட்டியோ?"

அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

பென்ட் மூச்சு வாங்க வந்து நின்றார். புல்லில் கிடக்கும் துவக்கைப் பார்த்தார், என்னைத் தடவித் தடவிப் பார்த்தார். "யார் போனில்?" என்றார்.

"அம்மா."

பிறகு, தெரிந்த டேனிஷ் சொற்களையெல்லாம் கொட்டிச் சொன்னேன். சண்டை. தை மாதம். போன் இல்லை. தெரியாது, தெரியாது, தெரியாது. இன்றைக்கு. பென்டின் பெரிய முகம் ஒவ்வொரு சொல்லுக்கும் மாறிக்கொண்டு போயிற்று.

"உயிரோடு இருக்கிறாரா?"

தலை ஆடத் தொடங்கிற்று. பிடித்து நிறுத்தினேன்.

"யா" என்றேன்.

அன்று ஒருவருக்கும் மான் கிடைக்கவில்லை. வேட்டை முடிந்ததும் சுட்ட மான்களை இலை பரப்பி வரிசையாகக் கிடத்தி, முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பது இங்கு வழக்கம். அன்று வெறும் இலைதான். என்னைக் கொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். வருடத்துக்கு ஒரு நாள் வரும் காலை அல்லவா? ஆனால் பென்ட் என்னவோ சொன்னார். எல்லோரும் வெற்று இலைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். கசப்பு மருந்துபோன்ற ஒரு சாராயத்தைச் சின்னச் சின்னக் கிளாசில் ஊற்றி, முன்பின் தெரியாத என் அம்மாவுக்காகக் குடித்தார்கள். பென்டின் தம்பி ஒரு பித்தளைக் குழலை எடுத்து 'வேட்டை முடிந்தது' என்று அதற்கென்றே உள்ள மெட்டை ஊதினான்.

இரண்டு நாள் கழித்துத் தொலைக்காட்சியில் சண்டை முடிந்தது என்றார்கள். அந்தச் செய்திக்கு முன்னால் எப்படி நிற்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

துவக்கு இன்னும் அலுமாரியில் இருக்கிறது. ஒருமுறையும் வெடித்ததில்லை. அம்மா இப்போது வவுனியாவில் இருக்கிறா. காது மந்தம். ஒவ்வொரு முறை கதைக்கும்போதும் கடைசியாக ஒரு கேள்வி வரும்: "அது கீழைதானே இருக்கு?"

"ஓம் அம்மா" என்பேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவவிடம் மட்டும் நான் தலையாட்டுவதில்லை.

இதை எழுத இத்தனை வருடம் ஏன் என்று கேட்டால், வெட்கம்தான். இன்று விடியற்காலை பல்வலியில் எழும்பி மேசையில் இருந்தேன். வெளியே தூரத்தில் ஒரு வெடி கேட்டது. நாட்காட்டியைப் பார்த்தேன்.

மே 16.